மைனஸ் வயர்

காரின் மைனஸ் வயரைக் கழற்றி வைத்திருப்பதை மலரிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தை நானே நம்புவதில்லை.

விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவன் நான். கார் வாரம் முழுக்க போர்ச்சில் நிற்கும். பேட்டரி அடிக்கடி படுத்துவிடும். மெக்கானிக் விஜின்தான் வழி சொன்னான்.

"ஓடாத வண்டியில்லா அண்ணா, மைனஸ் வயர ஊரி வச்சா போதும். பேட்டரிக்கு ஆயுசு கூடும்."

ஒரு சனிக்கிழமை, பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். அடுத்த வாரம் வயரைக் கழற்றினேன். இரண்டில் ஏதோ ஒரு நாள், என் மனைவி மலர் ஜன்னலில் நின்று சிரித்தாள்.

"பேட்டரி மேல உள்ள கருதல் எம்மேல உண்டா உங்களுக்கு?"

"நீ ஓடுத வண்டில்லா," என்றேன்.

அது எந்த நாள்? வயரைக் கழற்றிய நாள் என்றால் அவளுக்குத் தெரியும். கழுவிய நாள் என்றால் தெரியாது. வயர் இல்லாமல் அந்த வண்டியில் விளக்குகூட எரியாது.

ஜூன் மழையில் ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. ஆட்டோ கிடைத்திருக்காது. என் போன் வேலையிடத்து லாக்கருக்குள் அடித்து ஓய்ந்திருக்கிறது. நான் வந்தபோது காருக்குள் இருந்தாள். குள்ளமானவள், ஸ்டியரிங்கை ஒட்டி சீட்டை இழுத்திருந்தாள். விரல்கள் சாவியைப் பிடித்தபடி விறைத்திருந்தன.

அடக்கம் முடிந்து வந்து சீட்டைப் பின்னால் தள்ளினேன்.

மறுநாள் ஏறியபோது முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

மறுபடி தள்ளினேன்.

மறுபடி இடித்தது.

விஜினைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டியவன் சட்டென்று பின்வாங்கினான். இழுப்புக்கு மலர் நெஞ்சில் தேய்க்கும் யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசனை, இப்போதுதான் தேய்த்ததுபோல.

"அண்ணா, உள்ள ஆரோ மூச்சு இழுக்குது," என்றான் மெல்ல. அதன்பின் அவன் வரவில்லை.

அடுத்த மழை மத்தியானம் நான் காரில் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடிகளில் உள்பக்கமாக ஆவி படிந்தது. பிறகு கேட்டேன்.

"மலரு... நான் சொன்னேன்லா?"

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

க்ளிக்.

இழுத்து, தவித்து, விடுகிற மூச்சு.

க்ளிக்.

மழை விடும்வரை அது நிற்கவில்லை.

தெரிந்தவள் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கமாட்டாள்.

மலர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். விஜின் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். காரை நாகர்கோவில்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன், பேட்டரியைக் கொடுக்காமல். நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். பேட்டரி, எந்த வயரும் இல்லாமல், காலிப் போர்ச்சின் மூலையில் இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். சார்ஜ் குறையவே இல்லை.

மழை பெய்தால் அந்த மூலையில் சாவி திரும்புகிறது.