லிஃப்ட் கதையை முடித்தது யார்?

வாயாடிக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சிவந்துவிட்டன.

பள்ளிச் சுவரில் புதிய கையெழுத்துப் பத்திரிகையை ஒட்டியிருந்தார்கள். அதில் 'நாலாவது மாடியில் நிற்காத லிஃப்ட்' என்றொரு கதை. அது அவள் கதை! பள்ளி வேனில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் சொல்லிவந்த கதை. ஆனால் கீழே இருந்த பெயர் பென்சிலுடையது. வேனின் கடைசி சீட்டில் வாயே திறக்காமல் வருவானே, காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, அவன்தான்!

அதைவிடக் கொடுமை, அவள் கதையை இன்னும் முடிக்கவே இல்லை. அவன் முடித்துவிட்டான். லிஃப்டைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்களாம்.

யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். வேனிலேயே மிகச் சின்னவள், பொடிசு. கண் நிறையத் தண்ணீர்.

"அக்கா, லிஃப்ட் செத்துப்போச்சா?"

"சாகல! எவன் சொன்னான்?"

"செவுத்துல போட்டிருக்கே. பெரிய அண்ணாங்க படிச்சாங்க."

வாயாடி ஒரே ஓட்டமாக ஓடிப் பென்சிலைப் பிடித்தாள்.

"என் கதையை ஏன்டா திருடினே?"

"திருடல. நீ பாட்டுக்கு சொல்லிட்டுப் போயிடறே. அடுத்த நாள் உனக்கே பாதி மறந்துடுது. நான்தான் எழுதி வெச்சேன்."

"என் பேரைப் போட வேண்டியதுதானே?"

"எழுதினது நான்தானே?"

"கொன்னது யாரு?"

பென்சில் மெல்ல அங்கிருந்து நழுவினான்.

வாயாடி டீச்சரிடம் போனாள். டீச்சர் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "எழுதினவங்க பேரைத்தான்மா போடுவோம். நீயும் ஒண்ணு எழுதிக் குடேன்."

"எழுதுறேன் டீச்சர்! இப்பவே எழுதுறேன்!"

கோபத்தில் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வந்தது. எழுதியதைப் பத்திரிகைக்குக் கீழேயே ஒட்டினாள்.

'இந்த முடிவு பொய். லிஃப்ட் சாகவில்லை. நிஜ முடிவு வேண்டுமென்றால் சாயங்காலம் வேனுக்கு வரவும். இப்படிக்கு, கதையைச் சொன்னவள்.'

சாயங்காலம் வேனைச் சுற்றி ஒரே கூட்டம்.

"என்னம்மா இது, வேனை எடுக்கவா வேணாமா?" என்று சத்தம்போட்டார் டிரைவர் மாமா.

"லிஃப்ட் கதை மாமா. இன்னிக்கு முடியுது."

மாமா உடனே இன்ஜினை அணைத்தார்.

வாயாடி வேன் படியில் ஏறி நின்றாள். "நாலாவது மாடியில ஒரு மாமா இருந்தாரு. லிஃப்டுக்குள்ள ஏறினா போதும், தொண்டையைத் திறந்து பாடுவாரு. லிஃப்ட் எவ்வளவு நாள்தான் தாங்கும், பாவம்? அதான் அவர் மாடியில நிக்கறதையே விட்டுடுச்சு."

அவள் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டியதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பொடிசுக்கு விக்கலே வந்துவிட்டது.

"எல்லாரும் கூடிப் பேசி அவரைப் படிக்கட்டுல பாடச் சொன்னாங்க. அன்னிக்கே லிஃப்ட் நாலாவது மாடியில வந்து நின்னுச்சு. டிங்!"

"டிங்!" என்று கத்தினாள் பொடிசு.

கூட்டத்தின் ஓரத்தில் பென்சில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் மெதுவா சொல்லேன்," என்று கெஞ்சினான். "இதைத்தான் ஒட்டப் போறேன். பழசைக் கிழிச்சிடறேன்."

"யார் பேரு போடுவே?"

"சொன்னது நீ, எழுதினது நான். ரெண்டு பேரும்."

"என் பேருதான் முதல்ல!"

"சரி."

கோபம் இன்னும் மூக்கு நுனியில்தான் இருந்தது. ஆனாலும், அவன் எங்கே விட்டான் என்று எட்டிப் பார்த்து, வாயாடி அந்த வரியிலிருந்து மறுபடி சொன்னாள். இந்த முறை மெதுவாக.