வசைக்குக் கூலி

தெய்வசிகாமணிக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்களின் ஆண்டுப் பட்டியலில் தன் பெயர் முதலிடத்தில் இருப்பதைப் பூங்கோதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ஒரே ஆண்டில் முப்பத்தெட்டு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் பத்து சதவீதம் அவள் கணக்கில் வந்து விழுந்திருந்தது.

“இது தப்பு. அந்த ஆளை நான் ஒருத்தருகிட்டயும் சிபாரிசு பண்ணலை. பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் திட்டிட்டுத்தான் இருக்கேன்” என்று கத்தினாள்.

“திட்டியது பதிவாகியிருக்கிறது” என்றது தடமானி.

மிளகளவில் எல்லோர் காதிலும் பொருத்தப்பட்டிருக்கும் கருவி அது. ஒருவருக்கு வேலை கிடைத்தால், கொடுத்தவரின் மனதை யாருடைய சொல் திருப்பியது என்று தடம்பிடித்து, சொன்னவருக்குப் பரிந்துரைக் கட்டணத்தைத் தானே அனுப்பிவிடும். சொன்னது பாராட்டா வசையா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆள் பிடித்துக் கொடுத்தும் கமிஷன் வரவில்லை என்று ஆலோசகர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்ட வழக்கம், போன வருடம் இந்தச் சட்டம் வந்ததோடு ஒழிந்தது.

தெய்வசிகாமணியோடு பூங்கோதையின் சண்டை அதற்கும் ஆறு வருடம் மூத்தது. இருவரும் திருப்பூரில் சாயக்கழிவு நீரைச் சோதித்து அறிக்கை எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் தனி ஆலோசகர்கள். தன்னுடைய பழைய முதலாளியிடம் அவனை அழைத்துப் போனவளே அவள்தான். வேலை கைக்கு வந்ததும் அவன் நாலு பேர் முன்னிலையில், “உங்களுக்கு எதுக்குங்க மேடம் பங்கு?” என்று சிரித்தான். பேசிவைத்த பங்கும் போயிற்று, முதலாளியும் அவன் பக்கம் போய்விட்டார். எந்தச் சாயப்பட்டறையும் அவனைப் படியேற்றக் கூடாது என்று அன்று கறுவியவள்தான்.

தடமானி ஒரு பதிவை ஓட்டிக் காட்டியது. கல்யாணப் பந்தியில் அவளுடைய குரல்: “அந்த ஆளா? காசு குடுத்தா சாக்கடைத் தண்ணியக்கூட எளநீருன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவான்.” இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த பட்டறை முதலாளி அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு அவனுடைய எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இப்படிப்பட்ட ஆளைத்தானே அவர் தேடிக்கொண்டிருந்தார்!

ஏழு வருட ஆத்திரம் தன் எதிரியைக் கொழுக்க வைத்திருக்கிறது. பூங்கோதை இரண்டு நாள் உட்கார்ந்து மீதிப் பதிவுகளையும் ஓட்டிக் கேட்டாள். மூன்றாம் நாள் நாச்சிமுத்து என்ற பட்டறைக்காரர் அழைத்தார்.

“தெய்வசிகாமணி எப்படிங்க?”

“தங்கமான மனுசனுங்க” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒரு சொட்டுச் சாயம் ஆத்துல கலந்தாலும் அவரே போயி புகார் குடுத்துருவாரு.”

“அய்யய்யோ! நான் வேற ஆளப் பாத்துக்கறேனுங்க.”

அடடா, என்ன சுகம்! அதன்பின் அவள் வாய் ஓயவில்லை. கோயிலில், வங்கியில், துக்க வீட்டில்கூட அவனுடைய நேர்மையைப் புகழ்ந்தாள். ஆறே மாதத்தில் அவன் அலுவலகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் அவனே அழைத்தான்.

“மேடம், என்னயப் பத்தி நல்லபடியா பேசறத கொஞ்சம் நிறுத்துங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமா இருக்கும்.”

“மனசுல பட்டதத்தானுங்க சொல்றேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள். அன்று சமையலில் பாயசமும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை தடமானி அவளை வாழ்த்தியது. முப்பத்தொன்பதாவது பரிந்துரை பலித்துவிட்டதாம். இம்முறை பட்டறைக்காரர் யாரும் இல்லை. நீர்த்தூய்மை ஆணையம் விலைபோகாத ஒரு தலைமைச் சோதகரைத் தேடியிருக்கிறது. மாவட்டம் முழுக்கப் பதிவான பேச்சில், நேர்மையானவர் என்று அதிகம் புகழப்பட்ட பெயர் தெய்வசிகாமணி. இனி எந்த ஆலோசகரின் அறிக்கையும் அவன் கையெழுத்து இல்லாமல் செல்லாது. அவன் சம்பளத்தில் பத்து சதவீதம் மாதாமாதம் அவளுக்கு வரும்.

வெள்ளிக்கிழமை தன் அறிக்கையோடு அவன் மேசை முன் நின்றாள். அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். தவறு எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பேனாவை எடுத்தான், மூடினான், அறிக்கையை அவள் பக்கம் தள்ளினான்.

“ஒரு மாசம் கழிச்சு மறுபடி சோதிச்சுக் கொண்டு வாங்க மேடம். ஊரெல்லாம் எனக்கு இவ்வளவு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கீங்க. அதை நான் காப்பாத்த வேண்டாங்களா?”