ஒரு பக்கம் கனமான சக்கரம்

அம்மா லாரியைக் கிளப்பும்போதெல்லாம் பக்கவாட்டுக் கண்ணாடியில் மகள் நட்டுவைத் தேடுவாள். லாரி தெருமுனையில் திரும்பும்வரை நட்டு கையசைப்பாள். சித்தப்பா இன்ஜினைப் பழுது பார்த்ததிலிருந்து அந்தக் கண்ணாடி ஒரேயடியாக நடுங்கியது. அதில் நட்டுவும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை.

‘நட்டு’ என்பது சித்தப்பா வைத்த பெயர். பட்டறையில் அவர் தவறவிடும் நட்டுகளையெல்லாம் அவள்தான் தேடி எடுத்துத் தருவாள். “எங்க வீட்டு நட்டு. கொஞ்சம் கழண்ட நட்டு” என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது அவர் சிரிப்பதே இல்லை.

லாரியின் இன்ஜின் பழசு. அதன் பின்பக்கம் சுழலும் ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரத்தில் பற்கள் தேய்ந்துவிட்டன. சித்தப்பா பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு சக்கரம் வாங்கி மாட்டினார். அன்றே நடுக்கம் தொடங்கியது.

“என்ன தம்பி மாட்டுனீங்க? என் பல்லெல்லாம் கிடுகிடுன்னு ஆடுது” என்றாள் அம்மா.

“சரியாத்தான் மாட்டியிருக்கேன் அண்ணி. பழைய இன்ஜின்னா அப்படித்தான் இருக்கும்.”

“நேத்து வரைக்கும் இது புது இன்ஜினா இருந்துச்சா?”

சித்தப்பா ஸ்பேனரைத் தூக்கிப் போட்டார். அதோடு பேச்சு நின்றது. “உங்க சித்தப்பாகிட்ட சொல்லு”, “உங்க அம்மாகிட்ட சொல்லு” என்று இருவரும் நட்டுவைத்தான் அலைக்கழித்தார்கள்.

நட்டுவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. போன வருஷம் அப்பா வேறொருவரின் லாரியை ஓட்டிப் போனார். மலை ஏற்றத்தில் இன்ஜினுக்குள் சுழலும் தண்டு முறிந்தது. பாரத்தோடு லாரி பின்னால் உருண்டது. அப்பா திரும்பி வரவில்லை. விடிந்தால் அம்மா அதே ஏற்றத்தில் சிமெண்ட் மூட்டைகளோடு போக வேண்டும்.

“போகாதேம்மா.”

“போகலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும். அடுப்பு எரியணுமில்ல?” என்றாள் அம்மா. அவள் குரலிலும் பயம் இருந்தது.

அன்று மதியம் சித்தப்பா, “அந்தப் பழைய சக்கரத்தை உருட்டி மூலையில போடு. காலை நசுக்கிக்காதே” என்றார்.

நட்டு சக்கரத்தை நிமிர்த்தித் தள்ளினாள். கொஞ்ச தூரம் போனது, பிறகு பின்னால் உருண்டு நின்றது. மறுபடி தள்ளினாள். மறுபடியும் பின்னால் வந்தது.

“சண்டி மாடு!” என்று திட்டினாள்.

அப்போதுதான் கவனித்தாள். சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் சில குழிகள் இருந்தன. எப்படித் தள்ளினாலும் அந்தப் பக்கமே மேலே வந்து நின்றது. கடையிலிருந்து வந்த சக்கரத்தையும் அவள்தான் வாசலிலிருந்து உருட்டி வந்திருந்தாள். அது நிறுத்திய இடத்தில் சமர்த்தாக நின்றது.

நட்டு லாரிக்கு அடியில் ஊர்ந்துபோய் இன்ஜினின் முன்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே நடுக்கத்தை அடக்கும் சின்ன வட்டு ஒன்று உண்டு. டேம்பர் என்பார்கள். அதிலும் ஒரு பக்கம் மட்டும் பிறைபோல வெட்டியிருந்தது.

“சித்தப்பா, பழைய சக்கரத்துல ஏன் ஒரு பக்கம் மட்டும் குழி?”

“எவனோ வேலை தெரியாதவன் தோண்டி வெச்சிருக்கான். பல்லும் தேஞ்சுபோச்சு. அதனாலதான் அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கினேன்.”

“அப்போ முன்னாடி இருக்கிற டேம்பரையும் அவனேதான் வெட்டினானா?”

சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. அவரும் லாரிக்கு அடியில் போய்ப் பார்த்தார். வெளியே வந்து பழைய சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

“உள்ளே இருக்கிற தண்டே ஒரு பக்கம் கனம். அதைச் சரிக்கட்டத்தான் டேம்பரையும் ஃப்ளைவீலையும் இப்படிச் செஞ்சிருக்காங்க. மூணும் ஒரே செட்டு. நான் போய் அதைப் பிரிச்சுட்டேனே!”

“இப்படியே ஓட்டினா?”

“தண்டு முறிஞ்சிடும்.” அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அண்ணன் போனதும் அப்படித்தானே... அண்ணிகிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்?”

நட்டு வீட்டுக்கு ஓடினாள்.

“அம்மா, நடுக்கம் எதனாலன்னு தெரிஞ்சிடுச்சு! சித்தப்பாவுக்கு விளக்குப் பிடிக்க ஆள் வேணும், வா.”

அம்மா வந்தாள். சித்தப்பா தலை நிமிரவில்லை. “தப்பு என்னோடது அண்ணி. கண்டுபிடிச்சது இவ.” எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “முதல்ல எந்த போல்ட்டைக் கழட்டணும் தம்பி?”

கியர்பாக்ஸை இறக்கினார்கள். கடைச் சக்கரத்தின் விளிம்பிலிருந்த தேயாத பல்வளையத்தைக் கழற்றிச் சூடாக்கிப் பழைய சக்கரத்தில் ஏற்றினார்கள். விழுந்த நட்டுகளை நட்டு பொறுக்கினாள். எல்லாம் மாட்டி முடித்தபோது பொழுது விடிந்துவிட்டது.

மூட்டைகளை ஏற்றியதும் அம்மா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நடுங்காமல் ஒரே சீராக உறுமியது. சித்தப்பா நட்டுவின் தோளைப் பற்றிக்கொண்டார். அந்த மலை ஏற்றம் அங்கேயேதான் இருந்தது.

லாரி நகர்ந்தது. அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். அதில் தெரு ஆடவில்லை, நட்டுவும் ஆடவில்லை. அவள் அசைத்த கை மட்டும் தெருமுனைவரை ஆடிக்கொண்டே இருந்தது.