நீங்களே அமுக்குங்க, முதலாளி

பிணம் ஒரு பக்கம் கிடந்தது. பொத்தான் இன்னொரு பக்கம் கிடந்தது.

நடுவில் இருந்த பத்தடி தூரத்தில்தான் கொலை இருந்தது!

அது யார் கண்ணிலும் படவில்லை, ஒருத்தியைத் தவிர. அவள் சின்னத்தாய். செத்துக் கிடந்த மாரிச்செல்வத்தின் மனைவி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆண்டு விழா அது. மேடையோரம் நெருப்பு கக்கும் மெஷின். தள்ளி நின்று, கையில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் நெருப்பு ஆள் உயரம் எழும்பும். விரலை எடுத்தால் வால்வு மூடி அணைந்துவிடும். லைசென்ஸ் வைத்திருப்பவன் மட்டுமே அந்தப் பொத்தானைத் தொடலாம். மாரிச்செல்வத்திடம் லைசென்ஸ் இருந்தது.

அன்று அவன் விரலை எடுத்தான்.

நெருப்பு அணையவில்லை...

கையால் மூடிவிடலாம் என்று மெஷினை நோக்கி ஓடினான். கசிந்த கேஸ் வெடித்தது. அவ்வளவுதான்.

மதியம் அவனுக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோதே சின்னத்தாய் அந்த மெஷினைப் பார்த்திருந்தாள். இடது விலாவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சொட்டை. எங்கோ விழுந்து நசுங்கியது. வால்வைச் சுற்றிப் பழைய கருகல்.

“வால்வு சரியா மூடமாட்டேங்கு சின்னத்தாயி. மொதலாளிகிட்ட சொன்னேன். லைசென்ஸ் ஒன் பேருல, பொறுப்பும் ஒன்னோடதுன்னு சிரிக்காரு” என்றான் சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

முதலாளி வேலுமணி. ஈவென்ட் கம்பெனி நடத்துபவன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாய் நிறைய ‘ங்க’. அவன் இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வனிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பையன் குடித்திருந்தான் என்று ஒரு போடு போட்டான். வெடித்தது இதுதான் என்று வேறொரு மெஷினைக் கருக்கிக் கொண்டுவந்து காட்டினான். அதில் சொட்டை இல்லை. மெஷினையே மாத்திட்டாங்க என்று சின்னத்தாய் கத்தினாள். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். இல்லை. லைசென்ஸ்காரனின் கவனக்குறைவு என்று ஃபைல் மூடப்பட்டது.

செத்தவன் மேலேயே பழி! குடிகாரன் என்ற பெயர் வேறு!

வேலுமணி அத்தோடு விடவில்லை. எழவு வீட்டில் பத்துப் பேர் முன்னிலையில் அவளுக்குத் தன் ஆபீசில் வேலை கொடுத்தான். மனுசன்னா இவரல்லவா என்று ஊர் மெச்சியது.

சின்னத்தாய் கையெடுத்துக் கும்பிட்டு வேலையில் சேர்ந்தாள்.

தினமும் அவனுக்கு டீ கொடுத்தாள். தினமும் அவனைக் கொல்ல நினைத்தாள். கோடவுனில் மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். சொட்டை மெஷின் சிக்கவே இல்லை.

இதற்குள் வேலுமணிக்கு ஒரு தலைவலி வந்தது. லைசென்ஸ் உள்ள எந்த ஆளும் அவனிடம் வேலைக்கு வரவில்லை. லைசென்ஸ் இல்லாமல் பெரிய கல்யாண ஆர்டர் எதுவும் வராது. கடைசியில் தன் பெயரிலேயே விண்ணப்பித்தான். எழுத்துப் பரீட்சையை ஒப்பேற்றிவிட்டான். மிச்சம் இருந்தது செய்முறை. அதிகாரிகள் பார்க்க அவனே நெருப்பை எழுப்பி, அவனே அணைக்க வேண்டும்.

ஏற்பாட்டை எல்லாம் சின்னத்தாயிடமே ஒப்படைத்தான். ஆடு தானாக வந்து கழுத்தை நீட்டியது.

அன்று காலை கோடவுன் வாசலில் தீயணைப்பு அதிகாரி சுப்புலட்சுமி வந்து இறங்கினார். பந்தோபஸ்துக்கு இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வன்.

“வாங்க மேடம், வாங்க சார்... மொதல்ல இளநி சாப்பிடுங்க” என்று குழைந்தான் வேலுமணி.

“அப்புறம் பாத்துக்கலாங்க. மெஷின் எங்கீங்க?” என்றார் சுப்புலட்சுமி.

சின்னத்தாய் தார்ப்பாயை இழுத்தாள்.

இடது விலாவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சொட்டை... வால்வைச் சுற்றிக் கருகல்!

வேலுமணியின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்தது.

“இது... இது எங்கிருந்து வந்துச்சு?”

“நம்ம கோடவுன்ல இருந்துதான் முதலாளி.”

“வேற மெஷின எடுத்துட்டு வா.”

“மத்ததெல்லாம் சர்வீசுக்குப் போயிருக்கு. நீங்கதான அனுப்பச் சொன்னீங்க?”

அவள் பொத்தானை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைத் தேளை உதறுவதுபோல அவளிடமே திருப்பித் தள்ளினான்.

“கண்ணு... எனக்குக் கை நடுங்குது. நீ அமுக்கு.”

புருஷனைக் கொன்ற மெஷின் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பெண்டாட்டியை அமுக்கச் சொன்னான்! இதுநாள்வரை அவளுக்கு அவன்மேல் கொஞ்சநஞ்சம் இரக்கம் மிச்சமிருந்திருந்தால், அது அந்த நிமிடமே செத்தது.

“எனக்கு லைசென்ஸ் இல்லையே முதலாளி. நீங்களே அமுக்குங்க.”

“லைசென்ஸ் கேக்கறவர்தானுங்க அமுக்கோணும். நின்னுட்டே இருந்தா எப்படி?” என்றார் சுப்புலட்சுமி.

வேலுமணி பின்னால் நகர்ந்தான். பின்னால் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

சின்னத்தாய் மெஷின் அருகே போனாள். தீப்பெட்டியை எடுத்தாள். குச்சியை உரசினாள். சுடர் எழுந்தது. மெஷினின் வாயை நோக்கிக் குனிந்தாள்...

“பத்த வைக்காத! வால்வு மூடாது, வெடிச்சுரும்!”

அலறியது வேலுமணி.

சின்னத்தாய் குச்சியை அணைக்கவில்லை. “மூடாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் முதலாளி?”

“அவந்தான் மத்தியானமே சொன்னானே! இதச் சாயப்பட்டறைக் கெணத்துல போட்டேனே, எப்படி மேல வந்துச்சு?”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

தமிழ்செல்வன் அவன் தோளில் கை போட்டார். இந்தமுறை அவர் சின்னத்தாயிடம் ஆதாரம் கேட்கவில்லை.

“எந்தச் சாயப்பட்டறைங்க? வாங்க, ஆளை எறக்கி எடுத்துப் பாத்துரலாம்.”

எடுத்தார்கள். அன்று சாயங்காலமே, மூடிக் கிடந்த பட்டறையின் கிணற்றிலிருந்து சேறு வழிய மேலே வந்தது மெஷின். இடது விலாவில் சொட்டை. வால்வு பாதி திறந்தபடியே துருப்பிடித்திருந்தது.

கிணற்றடியில் விலங்கோடு நின்ற வேலுமணி மலங்க மலங்க விழித்தான்.

“அப்பக் காலைல பாத்தது... அது என்னது?”

சின்னத்தாய் சுப்புலட்சுமியைப் பார்த்தாள். வேலுமணி விண்ணப்பித்த முதல் வாரமே எல்லாவற்றையும் அவரிடம் அழுது சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள். அவர் தலையசைத்தார்.

ஜீப்பில் ஏற்றி வந்திருந்த காலை மெஷினை இறக்கி, மூடியைத் திறந்து காட்டினாள் சின்னத்தாய். உள்ளே கேஸும் இல்லை, வால்வும் இல்லை. வெறும் எவர்சில்வர் பளபளத்தது. அவள் சொல்லச் சொல்லச் சொட்டையைத் தட்டிக் கொடுத்தது அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைக்காரர் நல்லான்.

சின்னத்தாய் அன்றுதான் முதல் தடவையாக முதலாளியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அனுப்பர்பாளையத்துப் பாத்திரம் முதலாளி. உங்க வால்வு மாதிரி இல்ல... ஒழுகவே ஒழுகாது!”