புது டிஸ்கில் வந்தவர்

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வீடு வீடாகப் போகிறவன் நான். நாய் துரத்தும், ஷாக் அடிக்கும், பேய் மட்டும் கிடையாது என்று நண்பர்களிடம் சவடால் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்குப் போன பிற்பகலோடு அது ஒழிந்தது.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கட்டட வரைபடம் போட்டுத் தரும் தொழிலில் இருந்த கணவர் போன வருடம் தவறிவிட்டாராம். தெருப்பக்க ஜன்னலோடு இருந்தது அவருடைய அறை. உள்ளே பென்சில் சீவிய வாசனை இன்னும் போகவில்லை. மேசைக்கடியில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

டக். டக்.

"ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்குதும்மா. உள்ள இருக்கற முள்ளு தட்டுது."

"முள்ளு இல்ல தம்பி. காபி வேணும்னா மோதிரத்தால மேசையைத் தட்டுவார்." அம்மா பெட்டியின் பக்கம் குனிந்தார். "இருங்க, வரேன்."

சத்தம் நின்றது.

தற்செயல்தான், வேறென்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"இது நின்னு போச்சுன்னா அவரும் போயிடுவார். இந்த வீட்ல எனக்கு வேற யாரு இருக்கா? ஒண்ணு விடாம புதுசுக்கு ஏத்திக் குடு."

"ஏத்திடலாம். ஆனா புதுசுல சுத்தற பாகமே கிடையாதும்மா. சத்தம் வராது."

"வரும்," என்றார்.

பெட்டிக்குள் பழைய டிஸ்குக்குப் பக்கத்திலேயே புது எஸ்.எஸ்.டி.யை மாட்டி, குளோன் போட்டேன். நகல் ஏறி முடிய வெகுநேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் பழையது ஒருமுறைகூடத் தட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பதுபோல இருந்தது.

அச்சு அசலாக இரண்டு டிஸ்க் ஒரே பெட்டியில் இருந்தால் கம்ப்யூட்டர் குழம்பும். பழையதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புதியதிலிருந்து இயக்கினேன். திரையில் அதே படம், அதே கோப்புகள், எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் சத்தமில்லை. அம்மாவின் முகம் தொங்கிப்போனது.

டக்.

புதியதைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து தட்டுவது விரலில் தெரிந்தது.

"வந்துட்டார்! இருங்க, வரேன்!"

டக். டக். டக்.

நிற்கவில்லை. ஓடிப்போய்க் காபி கொண்டுவந்து வைத்தார். டம்ளர் அதிர்ந்து, காபி மேசையெல்லாம் சிந்தியது.

"என்னங்க... நான்தாங்க."

டக்டக்டக்டக்.

அம்மா பின்வாங்கி என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன. காதோடு சொன்னார்.

"தம்பி, இது அவர் இல்ல. தட்டத் தெரியுது. என்னைத் தெரியல."

பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணைந்தது. தட்டல் அணையவில்லை.

என் கையிலிருந்த பழைய டிஸ்க், ஒரு ஒயரும் இல்லாமல், மெல்ல ஒருமுறை தட்டியது.

"இருங்க," என்றார் அம்மா. அது அடங்கியது.

அதை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு, அன்றைக்கே வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். புதியதைக் கழற்ற அவரும் சொல்லவில்லை, எனக்கும் தைரியமில்லை.

நேற்று பட்டப்பகலில் அந்தத் தெரு வழியாகப் போனேன். கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னலருகே நின்று, மனசு கேட்காமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"தங்கச்சி வீட்லதான். இப்பத்தான் இவருக்குக் காபி வெச்சேன்," என்று சிரித்தார். நிம்மதியாக இருந்தது.

உள்ளே சத்தம் கேட்டது. டக். டக்.

போனில் அம்மா தங்கையின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார். சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, அதே அம்மாவின் குரல் சொன்னது.

"இருங்க, வரேன்."

தட்டல் நின்றது.