ராஜாவைத் தைத்தவள்

இதனால் ஒரகடம் தொழிற்பேட்டையின் மூன்று ஷிஃப்டுக்காரர்களுக்கும், கேன்டீன் ஊழியர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்... மாமன்னர் வீரகேசரி போர்க்களத்தில் மாண்டார்!

நாடகத்தில் அல்ல.

நிஜமாக!

ஆலையின் ஆண்டு விழா மேடை. மன்னராக நடித்த ஜெனரல் மேனேஜர் ஸ்ரீவத்ஸன், எதிரி வீரனின் வாள் பட்டதும் மல்லாந்தார். கதைப்படி ஜெயிக்க வேண்டியவர் அவர்!

வெள்ளைச் சட்டையில் சிவப்பு பரவியது...

"ஐயோ! ரத்தம்!"

திரை விழுந்தது. ஜி.எம். உடம்பில் அனுமதி இல்லாமல் கை வைக்க யாருக்கும் தைரியமில்லை.

எதிரி வீரன் இசக்கிபாண்டி, மூன்று வருஷ டிரெய்னி. அடுத்த வாரம் பர்மனென்ட். கையில், ஆலையின் பிரஸ் ஷாப்பில் வெட்டிய தகர வாள்.

"நான் ஒண்ணுஞ் செய்யல சார்! லேசாத்தான தொட்டேன்!"

"குத்திட்டுப் பேசறியா?" எச்.ஆர். பிரவீன் அவன் அட்டைக் கவசத்தைப் பிடித்தார். "உனக்குப் பர்மனென்ட் ஜெயில்லதான்டா! செக்யூரிட்டி! போலீஸுக்குப் போன் போடு!"

மேடையோரம் செங்கமலம் நின்றாள். படப்பையிலிருந்து வந்த உடை அலங்காரக்காரி. கொலையாளி யார் என்று அவளுக்குத் தெரியும்.

அவளேதான்!

இடுப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு, "முப்பத்துநாலு" என்றிருந்தார் ஜி.எம். பார்த்தாலே நாற்பத்திரண்டு. பெரிய மனுஷர் தொப்பையில் டேப் வைக்கக் கூசி, சொன்ன அளவுக்கே தைத்தாள். இன்று சட்டை மூடவில்லை. காடாத் துணியால் தொப்பையை இறுக்கிக் கட்டி, ஆளை உள்ளே வைத்தே முதுகுப் பக்கம் தைத்துவிட்டாள்!

சிவப்பு? வியர்வையில் கரைந்த இடைக்கச்சைச் சாயம்.

சொல்லிவிடலாம்... சொன்னால் ஜெயில் அவளுக்கு!

"எக்கா," இசக்கிபாண்டி அவள் பக்கம் திரும்பினான். "பக்கத்துலதான நின்னீங்க? நீங்களாவது சொல்லுங்கக்கா!"

அவள் தரையைப் பார்த்தாள். காது மடல் சுட்டது. ச்சீ... இதுவும் ஒரு பொழைப்பா?

செக்யூரிட்டி அவனை இழுத்தார். கத்திவிட்டாள்.

"வுடு சார் அந்தப் புள்ளைய! நான்தான் கொன்னுட்டேன்! வவுத்த இறுக்கிக் கட்டி, உள்ள வச்சித் தெச்சிட்டேன். அது ரத்தம் இல்ல, சாயம்!"

"ஜி.எம்.மை... தெச்சியா?!" என்றார் பிரவீன்.

கத்தரிக்கோலோடு பாய்ந்தாள். உடம்பைப் புரட்டி முதுகுத் தையலை வெட்டினாள். கட்டு அவிழ்ந்தது. தொப்பை சுதந்திரம் அடைந்தது.

"கேக்காம தெச்சது தப்புதான்... மன்னிச்சிடு சார்!" அழுதாள்.

பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்தது!

"ஷ்ஷ்... சத்தம் போடாதே," என்று கிசுகிசுத்தது. "நாலு பக்க வசனம்... சுத்தமா மறந்துடுத்து. அதான் படுத்துட்டேன். நீ கட்டினதுலதான் மயக்கம்னே இருக்கட்டும்."

இசக்கிபாண்டியை விட்டுவிட்டார்கள். விபத்துக்குக் காரணம் உடை அலங்காரம் என்று மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். தலை குனிந்தபடி ஊசிகளைப் பொறுக்கினாள்.

சிறந்த நடிகர் பரிசு ஸ்ரீவத்ஸனுக்குக் கிடைத்தது.