இன்னும் கொஞ்சம் பின்னால்...

கயிறு கட்டித்தான் மேலே தூக்கினார்கள்.

முதலில் தெரிந்தது ஒரு பச்சை டீ-ஷர்ட்.

அப்புறம்தான் அதற்குள் இருந்த நாகஜோதி!

"உங்க அக்காதானா?"

இன்ஸ்பெக்டர் அய்யாசாமி கேட்க, வேல்விழி தலையாட்டினாள். கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட பாறைக்குழியின் தண்ணீரில் இரண்டு நாள் ஊறிய முகம்... அவள் குனிந்து அதைத் துடைத்துவிட்டாள்.

"மாடல் ஆகணும்னு ஆசை... சான்ஸ் கிடைக்கல... குதிச்சிருச்சு. அவ்வளவுதாம்மா."

"அக்கா குதிக்கல ஸார்! காணாமப் போன அன்னைக்கு சாயங்காலம் அதோ, அந்த ஸ்டுடியோவுக்குத்தான் போனா. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா!"

குழியின் கரையிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது ஸ்டுடியோவின் பின்புறம்.

"விசாரிச்சாச்சு. போட்டோகிராபர் திருமூர்த்தியும், மேக்கப் போடுற அவர் சம்சாரமும் ஒரே மாதிரி சொல்றாங்க. உங்கக்காவைப் பார்த்தே ஒரு வாரம் ஆச்சாம். அன்னைக்கு வந்ததுக்கு சாட்சி இருக்கா?"

இல்லை.

ஃபைலை மூடினார் அய்யாசாமி. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் சாத்தூர்க்காரப் பெண்ணின் சாவுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை?

சரி... சட்டம் மூடிவிட்டது. நான் திறக்கிறேன்! என்று அங்கேயே முடிவு கட்டினாள் வேல்விழி.

திறப்பதற்கு ஒரு வருடம் ஆனது.

2006. சித்திரை வெயில்.

"பன்னெண்டு போட்டோ... பன்னெண்டுலயும் ஒரே சிரிப்பு! யாருங்க கண்ணு இந்த ஆல்பத்தை எடுத்தது? ரேசன் கார்டுக்கு எடுக்கறவரா?"

ஸ்டுடியோவில் திருமூர்த்தி, வேல்விழி நீட்டிய ஆல்பத்தைப் புரட்டினார். நாற்பது வயது. சாதுவான குரல். இந்தக் குரலை நம்பித்தானே அக்காவும் வந்தாள்!

"அதான் ஸார் உங்ககிட்ட வந்தேன். சென்னையில ஒரு ஏஜென்சிக்கு அனுப்பணும். நல்லா மாத்திக் குடுங்க."

"மாத்தீரலாங்க. முழு ஒசரமும் தெரிய நெட்டுக்கு ஒண்ணு வேணும். கோவமா ஒண்ணு வேணும். மொகத்துல பவுடர் கம்மியா, வெயில்ல ஒண்ணு எடுக்கோணும்."

"வெயில்லனா... பின்னாடி பாறைக்குழி ஓரத்துல எடுக்கலாமா ஸார்?"

ஆல்பம் அவர் கையிலிருந்து நழுவியது.

"அங்க வேண்டாங்க..."

"ஏன் ஸார்?"

"அங்கொரு புள்ள... வேண்டாமுங்க, உடுங்க."

முகம் வெளுக்கிறது பார்! மாட்டினாய் மவனே... வேல்விழி மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

"அட, பேக்ரவுண்டு நல்லாத்தான இருக்குதுங்க? புள்ள ஆசைப்படுது, எடுத்துக் குடுங்க."

குறுக்கே வந்தாள் சுபஸ்ரீ. அவர் மனைவி. கழுத்தில் டவல், கையில் பவுடர் பஃப், வாய் நிறையக் 'கண்ணு'. இப்படிப்பட்ட நல்லவளுக்கு இப்படி ஒரு புருஷனா என்று வேல்விழிக்குப் பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தாலி அறுக்கப் போகிறவள் அல்லவா?

"போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி இதைக் குடிங்க ஸார். எங்க ஊரு நன்னாரி சர்பத்."

வேல்விழி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். ஹாஸ்டலில் எலிக்கு வைக்கிற மருந்து முழுசாக அதில் கரைந்திருந்தது.

"எனக்கு சளிங்க கண்ணு, வேண்டாம். அவருக்கு ஊத்திக் குடு" என்றாள் சுபஸ்ரீ.

அதைத்தானே நானும் விரும்புகிறேன்!

உடை மாற்றிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே வந்தாள் வேல்விழி.

பச்சை டீ-ஷர்ட்!

அக்கா கடைசியாகப் போட்டிருந்த அதே துணி, அதே காலர். வேல்விழி வேலை பார்க்கும் சாம்பிள் செக்‌ஷனில் டெய்லரைக் கெஞ்சித் தைத்து வாங்கியது. சாகும்போது அந்த ஆள் இந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டும்.

கேமராவோடு நின்ற திருமூர்த்தி பார்த்தார்.

"கலர் நல்லா எடுக்கும்ங்க" என்றார்.

அவ்வளவுதான்!

திடுக்கிடவில்லை... வியர்க்கவில்லை... நடிகனடா நீ!

பக்கத்து கார்மென்ட்ஸில் டீ டைம் போல. காம்பவுண்டு சுவரை ஒட்டி டம்ளரும் கையுமாகப் பெண்கள் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாறைக்குழியின் கரும்பச்சைத் தண்ணீர் வெகு கீழே கிடந்தது.

"கோவமா பாருங்க கண்ணு!"

அதற்கு நடிப்பு எதற்கு? பார்த்தாள்.

"அடேங்கப்பா... சூப்பருங்க!"

க்ளிக்... க்ளிக்...

திருமூர்த்தி நெற்றியைத் துடைத்தார். பாறை மேல் சர்பத் பாட்டிலோடு வைத்திருந்த கண்ணாடி டம்ளரை எடுத்தார்.

குடி... குடிடா!

பவுடரோடு ஓடி வந்த சுபஸ்ரீ, வேல்விழியின் முகத்தை ஒற்றிவிட்டு, அவளுடைய இடது கையைப் பிடித்து இடுப்பில் ஒட்ட வைத்தாள்.

"கையை இப்பிடியே வெச்சுக்க கண்ணு. அந்த வெட்டு தெரியாம மறஞ்சுக்கும்."

வேல்விழி குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள்.

வெட்டா?

இந்த டீ-ஷர்ட்டில் எங்கே வெட்டு?

திருமூர்த்தியின் உதட்டுக்கு டம்ளர் போய்விட்டது...

"ஸார்... குடிக்காதீங்க!"

பாய்ந்தாள். ஒரே தட்டு! டம்ளர் பாறையில் விழுந்து சுக்குநூறாயிற்று.

"ஏனுங்க... என்னாச்சு?"

"எலி மருந்து ஸார். உங்களுக்காகக் கலந்தது. ஆளு தப்பாப் போச்சு... மன்னிச்சிருங்க."

திருமூர்த்தி வாயைப் பிளந்து நிற்க, அவள் சுபஸ்ரீயிடம் திரும்பினாள்.

"எந்த வெட்டுக்கா?"

"அ... அது... சாம்பிள் பீஸ்னா வெட்டியிருப்பாங்கல்ல? கடையில விக்கக் கூடாதுன்னு கத்திரி போட்டுத்தான வெளிய உடுவாங்க? திருப்பூர்ல யாருக்குத் தெரியாது?"

"தெரியும்க்கா. ஆனா எங்க கம்பெனியில எப்பவும் முதுகுலதான் வெட்டுவோம். ஒரே ஒரு சட்டைக்குத்தான் இடது விலாவுல வெட்டு விழுந்துச்சு. வெட்டுனது நான்!"

சட்டையின் இடது விலாவைத் தொட்டுக் காட்டினாள்.

"எங்கக்கா நாகஜோதி கேட்டா. 'விலாவுல வெட்டுடீ, போட்டோ எடுக்கையில கையை வச்சு மறைச்சுக்கிடுதேன்'னு கேட்டா. மத்தியானம் வெட்டிக் குடுத்தேன். சாயங்காலம் போட்டுட்டு இங்க வந்தா. போலீஸ் கூட அதை முள்ளுல கிழிஞ்சதுன்னுதான் நெனச்சுது. அவளைப் பார்த்தே ஒரு வாரம் ஆச்சுன்னு சொன்ன உங்களுக்கு அந்த வெட்டு எப்படிக்கா தெரியும்?"

சுபஸ்ரீயின் கையிலிருந்து பஃப் விழுந்தது.

"சுபா..." திருமூர்த்தி மனைவி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நான் மடத்துக்குளத்துல கல்யாண ஆர்டருக்குப் போயிருந்தேன். யாரும் வரலீங்கன்னு நீதான சொன்னே? அதை நம்பித்தான நானும் போலீஸ்ல அப்படியே சொன்னேன்?"

"இவ பேச்சைக் கேட்டுட்டு..."

வேல்விழி ஒரு அடி முன்னால் வைத்தாள். சுபஸ்ரீ ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா."

"கிட்ட வராத!"

இன்னொரு அடி... இன்னொன்று... சுபஸ்ரீயின் செருப்பு கரையின் விளிம்பில் வழுக்கியது. ஒரு செருப்பு கழன்று கீழே போய், வெகு நேரம் கழித்துத் தண்ணீரில் சத்தம் கேட்டது.

"ஐயோ... நான் தள்ளலீங்க!" அலறினாள். "அவ படத்தை நைட்டி டப்பா மேல அச்சடிக்க வித்தது நெசந்தான். இவருக்குக் கூடத் தெரியாம வித்தேன். கடையில டப்பாவைப் பார்த்துட்டு முந்தின நாளு வந்து கத்துனா. போலீசுக்குப் போறேன்னா. சமாதானத்துக்கு ரெண்டு போட்டோ புதுசா எடுத்துத் தர்றேன்னு மறுநா சாயங்காலம் வரச் சொல்லி, இங்க கூட்டியாந்தேன். கையை வெச்சு வெட்டை மறைன்னேன். பின்னாடி போ கண்ணுன்னேன்... இன்னும் கொஞ்சம் பின்னாடின்னேன்... அவளேதான் போனா!"

"பின்னாடி குழி இருக்கறது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்! தெரிஞ்சுதான் சொன்னேன்! போதுமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பதை மறந்து மொத்தக் கும்பலும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுபஸ்ரீயின் இன்னொரு காலும் நழுவியது.

"வீல்ல்ல்!"

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள் வேல்விழி.

விட்டுவிடத்தான் ஆசை. பொய் சொல்வானேன்? விரல்கள் பிரியத் துடித்தன. அக்காவின் ஊறிய முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஒரு வருடம் இதற்காகத்தானே சோறு தின்றாள்!

ஆனால் இழுத்து மேலே போட்டாள்.

"நீ செத்தேன்னா, உன்னையும் 'குதிச்சுட்டா'ன்னு எழுதி ஃபைலை மூடிருவாக. எங்கக்காவோட உன்னை ஒரே வரியில சேர்க்க விடமாட்டேன்!"

யாரோ போன் செய்திருக்க வேண்டும். ஜீப் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அய்யாசாமி இறங்க, சுவருக்கு அப்பால் அத்தனை வாய்களும் ஒரே நேரத்தில் சாட்சி சொல்ல ஆரம்பித்தன. போன வருடம் ஒன்றுகூடக் கிடைக்காத சாட்சி இப்போது சந்தைக்கடையாக இரைந்தது. அவர் வேல்விழியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சுபஸ்ரீக்கு விலங்கு விழுந்தது. விழுந்ததும் விஷம் கக்கினாள்.

"இவளையும் புடிங்க! என்ற ஊட்டுக்காரரைக் கொல்லப் பார்த்தா. சர்பத்துல எலி மருந்து! அவரையே கேளுங்க!"

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டால் மறைக்கப் போவதில்லை என்று இருந்தாள்.

அய்யாசாமி திரும்பினார்.

"என்னங்க திருமூர்த்தி... சர்பத்தா?"

திருமூர்த்தியின் காலருகே பாட்டில் நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். போலீஸில் தன்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டு, ஒரு வருடமாகப் பக்கத்தில் நின்று பவுடர் அடித்துக்கொண்டிருந்தவளை நன்றாகப் பார்த்தார். பிறகு பாட்டிலைக் காலால் ஒரு தள்ளு... அது உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது.

"அட, கால் பட்டிருச்சுங்களே! நல்ல சர்பத்துங்க. ஒரு டம்ளர் குடிச்சனுங்க. சக்கரைதான் கொஞ்சம் கம்மி."

"பாவி மனுசா!"

சுபஸ்ரீயை ஜீப்புக்கு இழுத்துப் போனார்கள். கலைந்த தலையை விலங்குக் கையால் கோதிக்கொண்டே கத்தினாள்.

"என்னைய எங்க கூட்டீட்டுப் போறீங்க?"

அய்யாசாமி ஜீப் கதவைச் சாத்தினார்.

"போட்டோ எடுக்கத்தாம்மா. நேரா ஒண்ணு, சைடுல ஒண்ணு, கையில நம்பர் பலகை... மேக்கப் மட்டும் கிடையாது!"